பதினெட்டு புள்ளி இரண்டு

மனசாட்சியின் விலை திண்டுக்கல்லில் தலைக்கு இருநூறு ரூபாய். மதியப் பிரியாணி அதிலேயே அடக்கம். போன வருஷம் வரை நூற்றைம்பதுதான். சீரகச் சம்பா அரிசி ஏறியதும் இதுவும் கூடவே ஏறிவிட்டது.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், வகுப்புத் தலைவி ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து நீட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவாள். ரசீது கிடையாது. "லேப் காசு" என்றால் போதும், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதில் வெளிப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளருக்குச் சாப்பாடும் ஒரு சால்வையும். மிச்சம், வேதியியல் லேப் அட்டெண்டர் நல்லுசாமிக்கு. கொடுத்த பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும் சரக்கு ஒரே ஒரு எண்.

அந்த எண்ணுக்கு ஏன் அத்தனை மவுசு என்றால், டைட்ரேஷன் என்பதே அந்த எண்ணைத் தேடுகிற வேலைதான். ஒரு கரைசலைக் கொடுப்பார்கள். அதில் ஃபெரஸ் சல்பேட் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. அதில் இருபது மில்லியைப் பிப்பெட்டால் உறிஞ்சி ஃப்ளாஸ்க்கில் விட்டு, மேலே பியூரெட் என்கிற அளவுக்குழாயிலிருந்து கத்திரிப்பூ நிறப் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற சொட்டின் நிறத்தை உள்ளே இருக்கும் உப்பு தின்றுகொண்டே இருக்கும். உப்பு தீர்ந்த பிறகு விழும் முதல் சொட்டு, தின்ன ஆளில்லாமல், ஃப்ளாஸ்க் முழுவதையும் வெளிர் ரோஸ் ஆக்கிவிட்டு நிற்கும். அந்த இடத்தில் குழாயை மூடி, எத்தனை மில்லி செலவாயிற்று என்று பார்த்துப் பெருக்கி வகுத்தால் உப்பின் அளவு வந்துவிடும். எதிராளி மடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், அவன் முகம் மாறுகிற இடத்தில் நிறுத்துகிற அதே வியாபாரம்தான்.

இதற்குப் பொறுமை வேண்டும், கண் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு நல்லுசாமி இருந்தார்.

வேதியியல் ஆசிரியை நசீம் பானுவுக்கு நல்லுசாமியின் வித்தை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே தெரியும். அவளுடைய அத்தா அப்துல் சுக்கூர் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் துண்டு அசைவது தெரியும், தொகை தெரியாது. நல்லுசாமியின் அப்பா மாட்டுத் தரகர். மகன் பள்ளிக்கூட வேலைக்கு வந்தபோது துண்டையும் கொண்டுவந்துவிட்டார்.

வயசுப் பிள்ளைகளின் கையைப் பிடித்தால் அது வேறு கேஸாகிவிடும் என்பதால் முறையில் மட்டும் ஒரு திருத்தம். பிப்பெட்டைக் கொடுக்கும்போது, துடைக்கிற துண்டு போர்த்திய கையின் மேல் வைத்து நீட்டுவார். துண்டுக்கடியில் விரல்கள் எழும்பித் தணியும். முதலில் ஒன்று. அப்புறம் ஐந்து, மூன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு. பதினெட்டு புள்ளி இரண்டு. பிள்ளை தலையை ஆட்டினால் வியாபாரம் படிந்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளை பர்மாங்கனேட்டை ஃப்ளாஸ்க்கில் ஊற்றினாலும் சரி, தரையில் ஊற்றினாலும் சரி.

நசீம் பானு வேலைக்குச் சேர்ந்த வருஷம் இதைப் பார்த்துக் கொதித்துப்போய்த் தலைமையாசிரியரிடம் ஓடினாள். அவர் விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நம்ம சென்டர் மட்டும் யோக்கியமா இருந்து நம்ம பிள்ளைக மார்க்கு மட்டும் கொறஞ்சா, பெத்தவங்க வந்து நம்ம யோக்கியத்தையா கேப்பாக?" அன்றிலிருந்து பிப்பெட் கொடுக்கிற கால் மணி நேரம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். இப்போது பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைக்கூட வெட்டி சைக்கிள் ஸ்டாண்டு போட்டுவிட்டார்கள். அவள் இன்னும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் டைட்ரேஷனை டைட்ரேஷனாகச் செய்த ஒரே பிள்ளை தமிழ்மதி.

கன்னிவாடியிலிருந்து பிளஸ் ஒன்னுக்கு வந்து சேர்ந்தவள். அப்பா அய்யனாருக்கு இரண்டு ஏக்கர், கத்திரியும் சின்ன வெங்காயமும். வெங்காயத்தில் நோய் விழுந்தால் உரக்கடைக்காரர் எந்தப் பாட்டிலைக் கையில் கொடுக்கிறாரோ அதை அடிப்பார். "அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆளாச்சும் எங்க வீட்ல வேணும் மிஸ்" என்பாள் தமிழ்மதி. அதனால் அரசாங்க வேளாண்மைக் கல்லூரி, அதில் பி.எஸ்ஸி. வேறெதையும் அவள் யோசித்ததில்லை. பணம் கட்டிச் சேர்கிற கல்லூரி அய்யனாருக்குக் கட்டாது. கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் ஒன்றுதான் வழி.

அவள் பியூரெட்டின் முன் நிற்பதை நசீம் பானு முதல் தடவை பார்த்தபோது கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். முடிகிற இடம் நெருங்கியதும் அந்தப் பெண் முழுச் சொட்டை விடவில்லை. குழாயின் நுனியில் பாதிச் சொட்டு துளிர்க்கிற வரை திறந்து, ஃப்ளாஸ்க்கின் உள்சுவரில் அதை ஒற்றியெடுத்து, வடிநீரால் கழுவி இறக்கினாள். அரைச் சொட்டு. புத்தகத்தில் படித்ததுதான், ஒரு பிள்ளை செய்து நசீம் பானு பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அவளே செய்ததில்லை.

தேர்வன்று காலை இருபது பேர். டைட்ரேஷனுக்கு எட்டு மார்க். விடை சரியான அளவுக்கு நூற்றுக்கு இரண்டுக்குள் இருந்தால் எட்டும் உண்டு. ரொம்பத் தள்ளிப்போனால் முயற்சிக்கு இரண்டு. வெளித் தேர்வாளர் சகாயசெல்வி கொடைரோட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்தார். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிற, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிற பெண்மணி. சரியான விடையை உறையில் வைத்து நசீம் பானு அவரிடம் கொடுத்தாள்: பதினெட்டு புள்ளி இரண்டு. அவர் உறையின் மேல் கையெழுத்துப் போட்டார்.

நல்லுசாமி துண்டோடு கிளம்பினார். நசீம் பானு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனாலும் கடைசி பெஞ்சுக்கு அவர் போனபோது ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்மதி பிப்பெட்டை எடுத்துக்கொண்டாள். துண்டையும் உருவியெடுத்து, பெஞ்சில் சிந்தியிருந்த தண்ணீரை அழுத்தித் துடைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏலே ஆத்தா, பாத்துக்கிட்டியா இல்லியா?" என்று நல்லுசாமி கிசுகிசுத்தார்.

"நானே பாத்துக்கிறேண்ணே."

லேப் காசு இருநூறை அவளும்தான் கொடுத்திருந்தாள். காசைக் கட்டிவிட்டுச் சரக்கை எடுக்காமல் போன ஒரே ஆள். மண்டியில் இப்படி ஒருவன் போனால் அவன் பின்னாலேயே நாலு பேர் ஓடி விசாரிப்பார்கள்.  அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்து, ஏதோ படிவத்தில் உள், வெளி என இரண்டு தேர்வாளர்களின் கையெழுத்தும் வேண்டும் என்றார். இருவரும் போனார்கள். கையெழுத்துக்கு இரண்டு நிமிஷம், டீக்கு இருபது நிமிஷம்.

பன்னிரண்டு மணிக்கு பேட்ச் முடிந்தது. சகாயசெல்வி விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். பதினெட்டு புள்ளி இரண்டு. பதினெட்டு புள்ளி இரண்டு. பதினெட்டு புள்ளி ஒன்று, இது அழகுக்கு. பதினெட்டு புள்ளி இரண்டு. பேனா தாளை விட்டு எழவே இல்லை. இருபதாவது தாளில் நின்றது.

"நசீம், இது யாரு தமிழ்மதி? பதினாலு புள்ளி ஆறுன்னு போட்டிருக்கா."

நசீம் பானு தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் அளவு பதினைந்து, கரடுமுரடாக எடுத்தது. அடுத்தது பதினாலு புள்ளி ஆறு. அதற்கடுத்தது பதினாலு புள்ளி ஆறு. அதிலிருந்து போட்ட கணக்கில் ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. ஐந்தில் ஒரு பங்கு விடை மட்டும் காணாமல் போயிருந்தது.

"ரெண்டு மார்க்குதான் போட முடியும்" என்றார் சகாயசெல்வி.

ஆறு மார்க் போனால் கட்-ஆஃபில் மூன்று. வேளாண்மைக் கவுன்சிலிங்கில் மூன்றுக்குள் எத்தனை ஆயிரம் பேர் நிற்பார்கள் என்று நசீம் பானுவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"மேடம், அவ தப்பா எடுக்கிற பிள்ள இல்ல. ஒரு தடவ கூப்ட்டுக் கேட்டிருவமே."

தமிழ்மதி வந்து நின்றாள். விரல் நுனியில் பர்மாங்கனேட் கறை.

"எத்தன தடவம்மா எடுத்த?" என்று கேட்டார் சகாயசெல்வி.

"மூணு மிஸ். கடைசி ரெண்டும் ஒன்னு போல வந்துச்சு."

"பக்கத்துல இருந்தவங்களுக்கு என்ன வந்துச்சு தெரியுமா?"

"அவுக பேப்பர நான் எதுக்கு மிஸ் பாக்கணும்?"

சகாயசெல்வி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "சரி. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவ எடு. நல்லுசாமி, இவளுக்குக் கொஞ்சம் அந்தக் கரைசல் கொண்டாங்க."

நசீம் பானுவுக்கு மூச்சு வந்தது. அவள் ஸ்டோர் ரூம் சாவியை நல்லுசாமியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு போன வேகம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு பீக்கர் வந்தது. தமிழ்மதி பிப்பெட்டால் இருபது மில்லி எடுத்தாள். பியூரெட்டைத் திறந்தாள். பத்து மில்லி வரை வேகமாக விட்டாள். பதினாலில் குழாயை இறுக்கிச் சொட்டுக்கு வந்தாள். பதினாலு புள்ளி நாலு. ஐந்து. ஆறு. ஃப்ளாஸ்க்கைச் சுழற்றினாள். ரோஸ் நிறம் ஒரு சுருள் போல எழுந்து கரைந்துவிட்டது.

இன்னொரு சொட்டு. அதுவும் கரைந்தது. தமிழ்மதி ஃப்ளாஸ்க்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். மறுபடி விட்டாள். பதினைந்து. பதினாறு. அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. பதினேழு. நசீம் பானு அந்தக் குழாயை எட்டி மூடிவிடலாமா என்று நினைத்தாள். பதினெட்டு. பதினெட்டு புள்ளி ஒன்று. அரைச் சொட்டு, ஒற்றி, கழுவி. பதினெட்டு புள்ளி இரண்டில் நிறம் நின்றது.

"பாத்தியாம்மா?" என்றார் சகாயசெல்வி, குரலில் கடுமை இல்லாமல்.

"இது வேற தண்ணி மிஸ்."

"ஏப்பா, ஒரே சரக்குதானா?"

"ஒரே சரக்குத்தாங்கம்மா" என்றார் நல்லுசாமி, பியூரெட் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு.

"என் பீக்கர்ல ஒரு பிப்பெட் அளவுக்கு மிச்சம் வச்சிருக்கேன் மிஸ். அதுல எடுத்துக் காட்டுறேன். அஞ்சு நிமிசம்." அவள் கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். பெஞ்சு துடைத்துப் பளிச்சென்று கிடந்தது. சுவரோரத் தட்டில் இருபது பீக்கர்களும் கவிழ்ந்து சொட்டிக்கொண்டிருந்தன.

"பேட்ச் முடிஞ்சா கழுவுறதுதானம்மா வேல" என்றார் நல்லுசாமி.

தமிழ்மதி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.

நசீம் பானுவின் தலைக்குள் வகுத்தல் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு புள்ளி இரண்டுக்குப் பதினாலு புள்ளி ஆறு. ஐந்தில் நாலு. நாலு பங்கு சரக்கு, ஒரு பங்கு தண்ணீர். பால்காரனும் இதே விகிதத்தில்தான் தொடங்குவான். அவள் ஸ்டோர் ரூமுக்குள் போய், பின்னால் வந்த நல்லுசாமியை நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

"எம்புட்டு ஊத்துனீங்க?"

அவர் மறைக்கவில்லை. "நூறு மில்லி மேடம். டிஸ்டில்டு வாட்டர்தான். பைப்பு தண்ணி இல்ல."

"எதுக்கு?"

"முகேஷ்குமார் முழங்கையால பீக்கரத் தட்டி விட்டுட்டான். அவனுக்கு இன்னொன்னு ஊத்துனேன். கடைசி பெஞ்சுக்கு வாரப்ப பாட்டில்ல நானூறுதான் கெடந்துச்சு. அஞ்சு பேரு, ஆளுக்கு நூறு. நீங்க எச்.எம். ரூம்ல இருக்கீக, சாவி உங்க பையில. அங்கன வந்து நின்னா எக்ஸ்டர்னல் அம்மா என்ன ஏதுன்னு கேக்கும்."

"கொறைஞ்சிருமேன்னு ஒங்களுக்குத் தோணலயா?"

"எல்லாப் பிள்ளைக்கும் நம்பர் குடுத்தாச்சே மேடம்" என்றார் நல்லுசாமி, நிஜமாகவே புரியாதவராக. "அப்புறம் தண்ணிக்குள்ள என்ன இருந்தா என்ன?"

 பத்தொன்பது வருஷமாக அந்த லேபில் நடந்த வியாபாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

"நம்பர் வாங்காத பிள்ள ஒன்னு இருந்துச்சே."

"அதத்தான் மறந்துட்டேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப கேட்டப்ப பதறிப் போச்சு. பாவம், அதுக்காச்சும் நல்லது பண்ணுவம்னு ஸ்டோர் கேன்ல இருந்து சுத்தமான சரக்கா எடுத்தாந்தேன். அது இப்பிடி அதுக்கே வினையா முடியும்னு… மேடம், எனக்கு எட்டு மாசம்தான் இருக்கு. எட்டு மாசத்துல ரிட்டையர்டு."

வெளியே வந்தபோது சகாயசெல்வி தனியாக உட்கார்ந்திருந்தார். பிரியாணிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேஜை ஓரத்தில் இருந்தது. தமிழ்மதி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மேடம், அந்தக் கடைசி பெஞ்சுக் கரைசல்ல…"

"செத்த நேரம் பொறுங்க நசீம்." சகாயசெல்வி பேனாவை மூடினார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒன்னு சொல்லிர்றேன். சொன்னா நான் எழுதணும். கரைசல் சரியில்லன்னு எழுதுனா, அதே பெஞ்சுல மத்த நாலு பிள்ளைக்குப் பதினெட்டு புள்ளி ரெண்டு எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க. அந்த நாலு பிள்ளைய உலுக்குனா மிச்சப் பதினஞ்சும் உதிரும். அட்டெண்டர் போவார். நீங்க போவீங்க. இருபது நிமிசம் டீ குடிச்ச நானும் போவேன். இருபது பிள்ளைக்கும் திரும்ப எப்ப வைப்பானோ, வைப்பானோ மாட்டானோ. அந்த இருபதுல இவளும்தான் ஒருத்தி."

"அவ எடுத்ததுதான் மேடம் சரி. அவ ஒருத்திதான்…"

"எனக்குத் தெரியாதா? அரைச் சொட்ட ஒத்தி எடுத்தாளே, பாத்தேன்ல. எங்க ஸ்கூல்ல இருபத்தஞ்சு வருசத்துல ஒரு பயலும் அப்பிடி எடுத்ததில்ல. எங்க ஊர்ல துண்டுகூடக் கெடயாது, போர்டுலயே எழுதிப் போட்ருவாங்க." அவர் ஒரு புது விடைத்தாளை உருவி மேஜையில் வைத்தார். "பதினாலு புள்ளி ஆறுக்கு எட்டு போட்டா பேப்பரே என்னையக் காட்டிக் குடுத்துரும். ஆனா என் கண்ணு முன்னாடி பதினெட்டு புள்ளி ரெண்டு எடுத்தாள்ல? அதையே எழுதட்டும். பழச கிழிச்சிருவம். எட்டு மார்க் போட்டுக் கையெழுத்துப் போடுறேன். இதுக்கு மேல என் கையில ஒன்னும் இல்ல."

அதைவிட நல்ல விலை எங்கேயும் கிடைக்காது என்று மண்டிக்காரர் மகளுக்குத் தெரிந்தது. அவள் தமிழ்மதியைக் கூப்பிட்டாள்.

தமிழ்மதி தாளைப் பார்த்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"அப்ப முன்ன எடுத்தது தப்பா மிஸ்?"

சகாயசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள் தமிழ்மதி. "தப்புன்னா எழுதுறேன். தப்பு இல்லன்னா நான் எதுக்கு மாத்தணும்? ரெண்டு தடவ ஒன்னு போல வந்துச்சு. பிப்பெட்ட கழுவித்தான் எடுத்தேன். பியூரெட்ல காத்து அடைக்கல. எங்க தப்புனேன்னு மட்டும் சொல்லுங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில். கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆசைதான் இருந்தது.  தப்பில்லை என்றால் இந்தப் பெண் எழுத மாட்டாள். ஆறு மார்க் போகும், கல்லூரி போகும். ஏன் தப்பில்லை என்று சொல்லப்போனால் இருபது பேரோடும் சேர்த்துப் போகும்.

"படிச்ச இடத்துல தப்பிருக்கும்மா" என்றாள் நசீம் பானு. "பியூரெட்ட மேல இருந்து பாத்திருப்ப. கண்ணு நேரா இல்லாட்டி அளவு மாறும்ல."

"மூணரை மில்லியா மிஸ்?"

"பதட்டத்துல வரும். ஒன் கைதான் தப்பு. எழுது."

தமிழ்மதி பேனாவை எடுத்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். கையெழுத்து முன்பு போலவே ஒழுங்காக இருந்தது. கணக்கிலும் பிசகில்லை. சகாயசெல்வி எட்டுப் போட்டு, பழைய தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

மத்தியானப் பேட்ச்சும் முடிந்து, கட்டுகளுக்கு அரக்கு வைத்து அனுப்பியபோது மணி ஐந்தாகிவிட்டது. காலைப் பிள்ளைகளை அடுத்த நாள் ஹால் டிக்கெட் விஷயமாக உட்கார வைத்திருந்தார்கள், இப்போதுதான் விட்டிருந்தார்கள். நசீம் பானு கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். கட்டு போய்விட்டது, இனி அந்தப் பெண் எதையும் திருத்திவிட முடியாது. இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். எட்டு மாசமும் பத்தொன்பது வருஷமும் கிடக்கட்டும்.

பஸ் ஸ்டாப்பில் தமிழ்மதி இருந்தாள். கூடவே கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் நாலு பேரும் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். "மிஸ், மிஸ், எட்டு மார்க்கும் வந்துருமா?" என்று முகேஷ்குமார் வேறு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டான்.

"தமிழ்மதி, இங்கிட்டு வா, ஒரு நிமிசம்."

அவள் வந்தாள். அவளோடு நாலு பேரும் இரண்டடி நகர்ந்து வந்தார்கள். நசீம் பானு வாயைத் திறப்பதற்குள் தமிழ்மதி கேட்டாள்:

"மிஸ், நாளைக்கு பிசிக்ஸ் ப்ராக்டிகல்ல துண்டு குடுக்கிறது எந்த அண்ணன்?"

முகேஷ்குமார் சிரித்தான். "ஏலே, இவளும் நம்ம கட்சிக்கு வந்துட்டாப்பா!"

"என் கைய நம்பி மூணு மார்க்க விட்டுட்டு நிக்க முடியாதுல்ல மிஸ்" என்றாள் தமிழ்மதி. குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. தன் கையில் ஒரு கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குத் தோதாக நடந்துகொள்ளப் பழகுகிறவள் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நீங்க எதுக்கோ கூப்ட்டீகளே?"

நாலு முகங்கள். ஐந்தாவதாக முகேஷ்குமார். எல்லார் கையிலும் சோளப்பொரி.

"பஸ்ஸு வருது பாரு" என்றாள் நசீம் பானு.

கன்னிவாடி பஸ் நின்றது, ஏற்றியது, போனது.

அவள் திரும்ப லேபுக்கு வந்தாள். ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நல்லுசாமி பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவளிடம் இன்னொரு சாவி இருந்தது. குப்பைக் கூடையிலிருந்து நாலு துண்டுகளையும் எடுத்து மேஜையில் ஒட்டவைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பாட்டிலில்: நானூறு மில்லி. லிட்டருக்கு 25.298 கிராம். ஆகமொத்த உப்பு 10.119 கிராம்.

ஊற்றிய பின், தமிழ்மதி எடுத்த அளவின்படி: ஐந்நூறு மில்லி. லிட்டருக்கு 20.294 கிராம். ஆகமொத்த உப்பு 10.147 கிராம்.

வித்தியாசம் 0.028 கிராம். நூற்றுக்குக் காலும் சொச்சமும். அனுமதித்த பிழை, நூற்றுக்கு இரண்டு.

வரவேண்டிய மார்க் எட்டு. போட்ட மார்க் எட்டு. நேர்.

"கை சரி" என்று தமிழ்மதியிடம் சொன்ன வகையில்: இல்லை. பாக்கி.